வயிறு நிறைந்தால் போதுமா?

வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்கும் கேள்வி, "சாப்பிட்டியா?" என்பதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்கிறோம், டியூஷன் முடிந்து வந்ததும் கேட்கிறோம், படுக்கப் போகும்போதும் கேட்கிறோம். "உம்" என்று ஒரு பதில் வரும். அத்தோடு நமக்கும் நிம்மதி. ஆனால் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள், அதில் என்ன சத்து இருந்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறோம். பால் கணக்கு எழுதுகிறோம். கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக்கூடக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். பிள்ளைகளின் தட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் எனக்குக் கற்றுக் கொடுத்தன. அதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அம்பத்தூரில். என் கணவருக்கு எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரண்டு பிள்ளைகள், கூட என் மாமியார். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதனால் இதில் வரும் கணக்கு எதுவும் பெருக்கல், வகுத்தலுக்கு மேல் போகாது. பயப்படாமல் படியுங்கள்.

போன வருஷம் பெரியவன் பிளஸ் டூ, சின்னவள் பத்தாவது. சாயங்காலம் வந்தால் சின்னவள் பையை ஒரு மூலையில் வீசிவிட்டுப் படுத்துக்கொள்வாள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பத்தே நிமிஷத்தில் கண் சொருகும். என் நாத்தனார் ஆவடியிலிருந்து வந்தபோதெல்லாம், "அண்ணி, எல்லாம் அந்த செல்போன் பண்ற வேலை. ராத்திரி முழிச்சுக் கிடந்தா பகல்ல தூக்கம்தான் வரும். சோம்பேறித்தனத்துக்கு இடம் குடுக்காதீங்க" என்பாள். பள்ளிக்கூடத்தில் "கவனம் போதாது" என்று எழுதி அனுப்பினார்கள். எல்லோரும் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் என்னிடம், "நான் மக்கும்மா. எனக்கு மேத்ஸ் வராது. பதினொண்ணாவதுல வேற குரூப் எடுத்துக்கறேன்" என்றாள். ஏழாவது வரைக்கும் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய பெண்!

ஜூலை மாதம் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.8 கிராம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அது குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டும். 11-லிருந்து 12-க்குள் இருந்தால் லேசான ரத்தசோகை. 8-லிருந்து 11-க்குள் இருந்தால் நடுத்தரம். 8-க்கும் கீழே போனால் கடுமை. நம் பெண் நடுத்தரத்தில் இருந்தாள். ரத்தத்தில் சிவப்பணு குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் போகிற பிராணவாயு குறைகிறது. அப்புறம் தூங்கி வழியாமல் என்ன செய்வாள்? சோம்பேறி என்ற பட்டம் பொய் என்று அந்தச் சின்னச் சீட்டு சொல்லிவிட்டது.

சீட்டை எடுத்துக்கொண்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், மாதவிலக்கு எப்படி என்று விசாரித்தார், பூச்சி மாத்திரை ஒன்றும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பிறகு, "வீட்ல என்னம்மா சாப்பிடுறா?" என்று கேட்டார்.

"எல்லாம் சாப்பிடுவா டாக்டர்" என்றேன்.

"எல்லாம்னு நான் எழுத முடியாதே! மூணு நாளைக்கு அவ வாயில போறது ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க. ரெண்டு பள்ளிக்கூட நாள், ஒரு ஞாயித்துக்கிழமை" என்றார்.

நோட்டு அப்படித்தான் வந்தது. இது ஏதோ அந்த டாக்டரம்மாவின் சொந்த யோசனை இல்லை. பெரிய ஆராய்ச்சிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நம் நாட்டில் 1972-ல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு வாரியம் என்று ஒன்றைத் தொடங்கி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வீடு வீடாகப் போய், "நேற்றுக் காலையிலிருந்து இன்று காலைவரை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதினார்கள். அளவு தெரிய வேண்டும் என்பதற்காக வரிசையாக அளவுக் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு போவார்கள். 2015-ல் அந்த வாரியத்தை மூடும்வரை இந்த வேலை நடந்தது. 24 மணி நேரக் கேள்வி என்று இதற்குப் பெயர். அதையே நம் சமையலறையில் நாமே செய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

எழுதுவதற்கு நான் வைத்துக்கொண்ட விதிகள் நாலே நாலு. முதலாவது, சமைத்த சாதத்தை நிறுக்காமல், சமைப்பதற்கு முன் அரிசியாக, பருப்பாக நிறுத்துக்கொள்வது. வேகும்போது தண்ணீர் சேர்ந்து எடை மாறிவிடும். இரண்டாவது, நாம் பரிமாறியதை எழுதக் கூடாது; வயிற்றுக்குள் போனதைத்தான் எழுத வேண்டும். மூன்றாவது, வெளியில் வாங்கித் தின்றதும் கணக்கில் சேரும். நாலாவதுதான் கஷ்டமானது. பிள்ளை எதைச் சொன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது, திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த நாளிலிருந்து நோட்டில் பொய்தான் ஏறும்.

அந்த நாலாவது விதி எவ்வளவு அவசியம் என்பது உடனே தெரிந்தது. "என்னம்மா இது, போலீஸ் ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடற மாதிரி!" என்று சலித்துக்கொண்டவள், முதல் நாள் "டிபன் பாக்ஸ் முழுக்கச் சாப்பிட்டேன்" என்றாள். எழுதிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அவளாகவே, "பாதிதாம்மா சாப்பிட்டேன். இருபது நிமிஷம்தான் லன்ச். மணி அடிச்சதும் டெஸ்ட். மீதிய பக்கத்துல இருக்கவளுக்குக் குடுத்துட்டேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள், "எங்க கிளாஸ்ல நிறையப் பேர் டயட்ல இருக்காங்கம்மா. சாப்பிட்டா குண்டாயிடுவோம்னு சொல்றாங்க" என்றாள். திட்டியிருந்தால் இந்த வார்த்தை என் காதுக்கு வந்தே இருக்காது.

ஒரு பள்ளிக்கூட நாளின் பக்கத்தை அப்படியே தருகிறேன். காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் டீ. ஏழு மணிக்கு நின்றபடியே இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். உள்ளே போனது அரிசிக் கணக்கில் அறுபது கிராம். சாயங்காலம் பஸ் ஸ்டாப் பேக்கரியில் ஒரு வெஜிடபிள் பப்ஸ். வீட்டுக்கு வந்து மறுபடி ஒரு டீ. டியூஷன் முடிந்து வந்து ராத்திரி எட்டரைக்கு இரண்டு தோசை, சாம்பார்.

பார்த்தால் குறை சொல்ல முடியாத சாப்பாடு. அவள் பட்டினி கிடக்கவில்லை. நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கும். ஆனால் சத்துக் கணக்குப் போட்டபோது விஷயம் வேறாக இருந்தது.

கணக்குப் போடுவது எப்படி என்று கேட்பீர்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்பு, எவ்வளவு சுண்ணாம்பு என்று போட்டிருக்கிறார்கள். நாம் சாப்பிட்ட கிராமால் பெருக்கி நூறால் வகுத்தால் முடிந்தது. பெரியவன்தான் செல்போனில் பார்த்து எண்களைப் படித்துச் சொன்னான், நான் பெருக்கினேன். உதாரணத்துக்கு, புழுங்கலரிசி நூறு கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, முக்கால்தான். அறுபது கிராம் அரிசி சாப்பிட்டால் அரை மில்லிகிராமுக்கும் குறைவு.

கூட்டிப் பார்த்தேன். அன்றைக்கு அவள் உடம்புக்குப் போன சக்தி ஏறக்குறைய 1,500 கலோரி. புரதம் 33 கிராம். சுண்ணாம்புச்சத்து சுமார் 300 மில்லிகிராம். அதில் பெரும்பாலும் டீயில் ஊற்றிய பால்தான். இரும்பு, தாளிப்பு, மிளகாய், தனியா எல்லாம் தாராளமாகச் சேர்த்தும் 6 மில்லிகிராம்.

வேண்டியது எவ்வளவு? அதே நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13-லிருந்து 15 வயதுவரை உள்ள பெண்ணுக்குத் தினமும் 2,400 கலோரி, 43 கிராம் புரதம், 1,000 மில்லிகிராம் சுண்ணாம்பு, 30 மில்லிகிராம் இரும்பு. முப்பது எங்கே, ஆறு எங்கே!

பெரியவனுக்கும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒரே அடுப்பு, ஒரே சட்டி. ஆனால் அவன் ஆறு இட்லி சாப்பிடுகிறவன். இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸைக் காலி செய்கிறவன். போதாததற்குத் தினம் இரண்டு முட்டை. அவனுக்குப் புரதம் தேவைக்கு எட்டிவிட்டது. இரும்பு அவனுக்கும் குறைவுதான். ஆனால் மாதாமாதம் உதிரப்போக்கு இல்லாததால் அவன் தாக்குப்பிடிக்கிறான். பெண் குழந்தைக்கு அப்படி இல்லை. வளருகிற வேகமும் அவளுக்குத்தான், மாதம் ரத்தம் போவதும் அவளுக்குத்தான். ஒரு மனுஷருக்கு வளர்ந்த பிறகு இருக்கும் எடையில் ஏறத்தாழ பாதி இந்தப் பருவத்தில் சேருவது என்கிறார்கள். வீடு கட்டும்போது சிமெண்ட் தட்டுப்பாடு வந்தால் எப்படி இருக்கும், அதே நிலைமைதான்.

இதைப் படித்துவிட்டு நம் வீட்டில் மட்டும்தானோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 2016-லிருந்து 2018 வரை நாடு முழுவதும் பிள்ளைகளிடம் எடுத்த விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10-லிருந்து 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு ரத்தசோகை. பையன்களில் 18 பேருக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15-லிருந்து 19 வயதுப் பெண்களில் 59 பேர். பையன்களில் 31 பேர். முதல் கணக்கெடுப்பில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள், இரண்டாவதில் விரல் நுனியில் குத்தி எடுத்தார்கள், வயதும் வேறு. அதனால் எண்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டிலும் ஒன்று மாறவில்லை: பையன்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெண்கள்.

நோட்டைப் பார்த்து என் கணவர், "சரி, இவளுக்கும் நாளையிலிருந்து முட்டை வையி" என்றார். உடனே மாமியார், "வயசுக்கு வந்த பொண்ணுக்கு முட்டை, எள்ளு எல்லாம் சூடுடா" என்றார். நான் பதில் பேசவில்லை. அவர் பேத்திமேல் உயிரை வைத்திருப்பவர். வேண்டாம் என்று சொன்னதும் பாசத்தினால்தான். "அத்தை, உங்க காலத்துல இந்த வயசுல நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். பென்சிலை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடிஞ்சா கேழ்வரகுக் கூழும் மோரும். கூட வெங்காயம், மோர்மிளகா. அரிசிச் சோறு ஒரு வேளைதான். ராத்திரிக்குக் கம்மஞ்சோறு. கொல்லையில முருங்கை இருந்துச்சு, அது இல்லாத நாளே கிடையாது. திங்கறதுக்கு வறுத்த வேர்க்கடலை. டீ யாரு குடிச்சா?" என்றார். திருவள்ளூர் பக்கம் பிறந்து வளர்ந்தவர் அவர்.

அதையும் பெருக்கிப் பார்த்தோம். கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுண்ணாம்பு 364 மில்லிகிராம், அரிசியில் பத்துக்குள்தான். கம்பில் இரும்பு 6.4 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் சுண்ணாம்பு 314, இரும்பு நாலரை. "பார்த்தியா, எங்க சாப்பாட்டைக் கேலி பண்ணுவீங்களே!" என்று அவருக்கு ஒரே பெருமை. அன்றிலிருந்து கேழ்வரகு முளைகட்டுவது, எள்ளுப்பொடி இடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சூடு என்ற பேச்சு அப்புறம் வரவில்லை. டாக்டரம்மாவும் மாதவிலக்கு நாளில்கூட முட்டையும் எள்ளும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அரிசியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நம் தமிழ்நாட்டிலேயே நூறு வருஷத்துக்கு முன்பு ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்று ஐதராபாத்தில் இருக்கும் அந்த நிறுவனம் பிறந்தது குன்னூரில். 1918-ல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய மெக்காரிஸன் என்ற டாக்டர் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பியிருப்பவர்களுக்கு பி1 வைட்டமின் குறைவதால் வரும் நோய் அது. 1920-களில் அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிகள் சாப்பாடு, ஒன்றுக்குச் சென்னை மாகாணத்துச் சாப்பாடு என்று கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட சீக்கியர் கூட்டத்து எலி சராசரி 235 கிராம் இருந்தது. நம் அரிசிச் சாப்பாடு சாப்பிட்ட எலி 155 கிராம். வரிசையில் கடைசி நம்முடையதுதான்!

எலி வேறு, மனுஷர் வேறு. அரிசியும் விஷமில்லை, நம் மண்ணின் சாப்பாடு அது. அரிசியோடு கூட என்ன போகிறது என்பதுதான் கேள்வி. குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 1937-ல் ஐக்ராய்ட் என்பவர் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை முதன்முதலில் சிறு புத்தகமாக வெளியிட்டார். 1958-ல் ஆராய்ச்சிக்கூடம் ஐதராபாத்துக்குப் போனது. 1971-ல் நம் சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அந்தப் புத்தகத்தை விரிவாக்கிக் கொடுத்தார். அதன் வழியில் வந்ததுதான் நான் பெருக்கிப் பார்த்த 2017-ஆம் வருஷத்து அட்டவணை. இத்தனை பேர் உழைப்பு நம் சமையலறைக்கு வந்து சேராவிட்டால் என்ன பிரயோஜனம்?

அட்டவணையைப் பார்க்கப் பார்க்க நம் ஊர் நம்பிக்கைகள் சிலவும் ஆட்டம் கண்டன. சிவப்பாக இருப்பதால் பீட்ரூட் ரத்தம் ஊறவைக்கும் என்கிறோம். நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்பு முக்கால் மில்லிகிராம்தான். மாதுளம்பழத்தில் அதிலும் குறைவு. பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் மூன்று பழத்தில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவு. அவற்றைவிட நம் கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் கொள்ளில் 8.7 மில்லிகிராம், கருப்புக் கொண்டைக்கடலையில் 6.8. காசு அதிகம் கொடுத்தால் சத்தும் அதிகம் என்ற கணக்கு சமையலறையில் செல்லாது.

இன்னொரு விஷயம். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடாது, கொஞ்சம்தான் ஒட்டும். கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஒட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் அதற்கு உதவும். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. மாறாக, சாப்பாட்டோடு டீயோ காபியோ குடித்தால் அதில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடும். இட்லிக்கு அரை மணி முன்னால் டீ, தோசைக்கு முன்னால் டீ என்பதெல்லாம் இரும்புச்சத்துக்கு எதிரிதான். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இனி நாங்கள் செய்த மாற்றங்கள். தனிச் சமையல் எதுவும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் இதுதான்.

காலை டீக்குப் பதிலாக நாற்பது கிராம் கேழ்வரகு மாவில் பால் விட்ட கஞ்சி. இட்லி மூன்று, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, அல்லது எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். டிபன் பாக்ஸில் சாதத்தின் அளவைக் கூட்டவில்லை. இருபது நிமிஷத்தில் முடிய வேண்டும் அல்லவா? பெரிய டப்பாவைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பயம். ஆகையால் சாதம் அதே அளவு, பக்கத்துச் சின்ன டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது முட்டைப் பொரியல். அவளே ஒரு யோசனை சொன்னாள்: "பத்தே முக்கால் இன்டர்வெல்ல சுண்டலைத் தின்னுடறேன், லன்ச்ல சாதம் மட்டும்." அது நன்றாக வேலை செய்தது. சாயங்காலம் பப்ஸ் காசில் வறுகடலையோ கடலை உருண்டையோ. வீட்டில் ஒரு கொய்யா. மோர் தினமும். ராத்திரி வாரத்தில் மூன்று நாள் கம்பு தோசை, அல்லது முருங்கைக்கீரை போட்ட அடை. இறக்கியபின் கீரையில் எலுமிச்சை பிழிந்துவிடுவேன். பப்ஸை ஒரேயடியாக நிறுத்தவில்லை. சனிக்கிழமை சிநேகிதிகளோடு அவள் சாப்பிடட்டும். முழுக்கத் தடுத்தால் அது மறைந்து நடக்கும்.

புதிய பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். புரதம் அறுபது கிராமைத் தாண்டியது. சுண்ணாம்பு 900-ஐ நெருங்கியது. இரும்பு? மூன்று மடங்கு ஏறியும் 18 மில்லிகிராம்தான்! எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சமைத்தாலும் நம் வீட்டுச் சாப்பாட்டில் முப்பதை எட்டுவது கடினம் என்று அப்போது புரிந்தது. அதனால்தான் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்பு மாத்திரை கொடுக்கிறது. 2018-லிருந்து வந்த திட்டப்படி நீல நிறத்தில் இருக்கும் அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் உண்டு. வயிறு குமட்டுகிறது என்று பல பெண்கள் பையிலேயே போட்டு வைத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு. கால்சியம் மாத்திரை இருந்தால் அதை வேறு வேளையில் போட வேண்டும். ஏற்கெனவே ரத்தம் குறைந்துவிட்ட பிள்ளைக்கு வார மாத்திரை போதாது. எத்தனை, எத்தனை மாதம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பாடு மட்டும் போதும் என்று மாத்திரையை விடுவதும் சரியில்லை; மாத்திரை இருக்கிறதே என்று சாப்பாட்டை விடுவதும் சரியில்லை.

பூச்சி மாத்திரையையும் அலட்சியம் செய்யாதீர்கள். குடலில் கொக்கிப்புழு இருந்தால் நாம் போடுகிற சத்தில் அது பங்குக்கு வரும், ரத்தத்தையும் உறிஞ்சும். வருஷத்துக்கு இரண்டு முறை பள்ளிகளில் கொடுக்கும் மாத்திரை அதற்குத்தான்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் 11.6. ஐந்தாவது மாதம் 12.3. மாடிப்படியில் மூச்சு வாங்குவது அதற்கு முன்னமே நின்றுவிட்டது. சாயங்காலம் படுப்பதற்குப் பதில் கீழே போய் ஷட்டில் ஆடினாள். நாத்தனார், "என்ன அண்ணி, பொண்ணு ஆளே மாறிட்டா!" என்று கேட்டுவிட்டு, போகும்போது அட்டவணையை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் பதினாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். சின்னவள் இப்போது பதினொன்றாவதில் கணக்குப் பிரிவு எடுத்திருக்கிறாள். மார்க் எவ்வளவு வருமோ, அது அவள் உழைப்பைப் பொறுத்தது. ஆனால் ரத்தக் குறைவினால் வந்த களைப்பைத் தன் மூளையின் குறை என்று நினைத்துக்கொண்டு அவள் வேறு வழியில் போய்விடவில்லை. அந்த ஒரு சந்தோஷம் எனக்குப் போதும்.

நம் மாநிலத்தில் 1982 ஜூலை முதல் தேதி சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1984-ல் அதை 15 வயதுப் பிள்ளைகள்வரை நீட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று முன்பே யோசித்த ஊர் நம்முடையது. அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுக்கு, பதினொன்றிலும் பன்னிரண்டிலும் விழித்திருந்து படிக்கிற பிள்ளைகளுக்கு, நாம் கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸ்தான் சத்துணவு. இந்த வயதில்தான் இரும்புத் தேவையும் ஏறுகிறது: 16-லிருந்து 18 வயதுப் பெண்ணுக்கு 32 மில்லிகிராம்.

செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த இரண்டு பள்ளி நாள்களும் போதும். கடையில் சின்னத் தராசு கிடைக்கும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு உழக்கில் எவ்வளவு அரிசி பிடிக்கிறது என்று மளிகைக் கடையில் ஒரு தடவை நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிக் கூட்ட நேரமில்லையா? நோட்டில் நாலே கேள்விக்குப் பதில் தேடுங்கள். பருப்போ, கடலையோ, முட்டையோ, மீனோ இன்று எத்தனை வேளை வந்தது? கீரை வந்ததா? பாலோ, மோரோ, கேழ்வரகோ வந்ததா? புளிப்பான பழம் ஒன்றாவது வந்ததா? இரண்டு கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் மாற்றத்தை அங்கேயே தொடங்கலாம். உங்கள் பெண் அடிக்கடி களைத்துப் படுத்தால், அவளை ஏதும் சொல்வதற்கு முன்னால் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். போகும்போது அந்த நோட்டையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு உபயோகமாக இருக்கும்.